கண்கட்டு அவிழ்க்கும் நாள்

எடின்பரோவில் பதினோரு நாளாக வானம் இல்லை.
எங்களுக்கு அதனால் நட்டமும் இல்லை.
எங்கள் வானம் சிலியில் ஒரு மலையுச்சியில் எடுத்தது,
நான்காண்டு பழையது.
பிளாக்ஃபோர்டு குன்றின் அடித்தள அறையில்
விசிறி இரைச்சலோடு வட்டுகளில் கிடக்கிறது.

என் வேலை மறைப்பது.
பக்கத்து விண்மீனின் கண்கூசும் ஒளிவட்டம்,
செயற்கைக்கோள் கிழித்துப்போன வெள்ளைக்கோடு,
கருவியின் செத்த புள்ளிகள்,
ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் கட்டம் போட்டு
இது கணக்கில் சேராது என்று சொல்வது.
மிஞ்சுபவை மங்கல் பொட்டுகள்.
இரண்டு கோடி.
ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் மண்டலம்,
திரையில் எறும்பின் நிழலளவு.

எல்லாமே கொஞ்சம் கோணல்.
பிறவிக் கோணல் எது,
வழியில் கிடந்த கரும்பொருள் இழுத்த கோணல் எது,
ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.
நூற்றில் ஒரு பங்குதான் இழுப்பு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
இங்கே செல்லாது.
பானையைக் கவிழ்த்துப் பருக்கை பருக்கையாய் எண்ணினால்
எல்லாம் எதையோ சுற்றி
லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும்.
அந்த எதையோ மட்டும் தெரியாது.

அதற்கும் முன்னால் நம் கண்ணின் குற்றம்.
காற்று நடுங்கும். ஆடி தொய்யும்.
விண்மீன்கள் புள்ளிகள்; அவையே நீண்டு தெரிந்தால்
பழி பிரபஞ்சத்தின் மேல் இல்லை.
மோர்வென் கால்பிரெய்த் இதற்கே ஒன்பது வருடம் கொடுத்தவள்.
"முதலில் உன் கண்ணாடியைத் துடை" என்பாள்,
பேராசிரியர்களிடமும்.

கடவுள் மாதிரி என்றான் ருவாரி, பப்பில்,
இரண்டாவது கோப்பையில்.
விட்டுப்போன கணவன் மாதிரி என்றாள் ஊனா.
துக்கம் மாதிரி என்றேன்,
அந்த மாதம் எனக்கு அப்படி இருந்தது.
மோர்வென் ஒயின் கோப்பையின் பாதத்தை
மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்தாள்.
சுடர் வளையமானது.
"ஒன்றின் மாதிரியும் இல்லை. எடை, அவ்வளவுதான்.
மாதிரி சொல்ல ஆரம்பித்தால் அளப்பதை விட்டுவிடுவோம்."
எனக்கு முகம் சுண்டிவிட்டது.
பிறகு கோப்பையை வாங்கி நானும் பார்த்தேன்.

பட்டியல்கள் மூன்று: ஏ, பி, சி.
இரண்டில் வேண்டுமென்றே பொய் கலந்திருக்கிறது.
மெய் எது என்று லைடனில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.
ஹென்ட்ரிக்கா என்று பெயர்; பார்த்ததில்லை.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இரண்டு வருடம்.
கட்டச் சொன்னதும் நாங்கள்தான்.
விரும்பிய விடையின் பக்கம் கை தானாக வளையும்,
ஒளியைவிட எளிதாக.

வியாழன், மாலை நாலு மணி, இருட்டிவிட்டது.
லைடனிலிருந்து வந்த அஞ்சலில் ஒற்றை எழுத்து.
பி.
ருவாரி பொத்தானை அழுத்தினான்.
வரைபடத்தில் முட்டைவடிவக் கறை ஒன்று
எதிர்பார்த்த இடத்துக்குச் சற்றுக் கீழே
வந்து உட்கார்ந்தது.
பொருள் திரண்டிருப்பது கொஞ்சம் குறைவு.
குறைவா, நம் பிழையா?
விளிம்புகள் தொட்டுக்கொண்டிருந்தன.
யாரும் கத்தவில்லை.
கேக்கை வெட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்
ஊனா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"சரி" என்றாள் மோர்வென்.
வெகுநேரம் கழித்து இன்னொரு "சரி".

குன்றிறங்கும்போது எனக்கு நினைவில் இருந்தது ஒரு எண்.
கடைசி நான்கு இலக்கம் 4471.
கோடு ஓரமாய் உரசியதால் நான் கட்டம் போட்டு மறைத்தது.
அதன் ஒளி எழுநூறு கோடி ஆண்டு வந்தது,
எத்தனையோ காணாப் பாரங்களின் அருகே
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளைந்து.
கடைசியில், யார் வீட்டுக்கோ இணையம் கொண்டுபோன கோள்
குறுக்கே போயிற்று.
விதிப்படி சரிதான். நாளைக்கும் மறைப்பேன்.
ஆனால் அது வளைந்தது வளைந்ததுதான்.

மழை.
மூக்குக்கண்ணாடியில் துளிகள்;
தெருவிளக்கு ஒவ்வொன்றும் வில்லாய் நீண்டது.
துடைக்காமலே
பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன்.